தேநீர் யாருடைய மரபு? – லண்டன் முதல் மூணாறு வரை

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். நான் கல்லூரிப் படி ஏறாதவன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, 1979இல் பிழைப்புக்காகப் பாலக்காடு வந்தவன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேயிலைத் தூளும் மளிகையும் மொத்தமாக விற்று வருகிறேன். கடையில் ஆள் வராத மத்தியான வேளைகளில் படித்ததுதான் என் படிப்பு. பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஒரு சிறு பெண். நம் சங்கத்துப் பொங்கல் விழாவில், உறுப்பினர் ஒருவரின் மகள், கல்லூரியில் படிப்பவள், தான் எழுதிப் பரிசு வாங்கிய கட்டுரையை என்னிடம் காட்டினாள். தலைப்பு, ‘தேநீர்: ஒரு பிரிட்டிஷ் மரபு’. அரசிகள், சீமாட்டிகள், பீங்கான் கோப்பைகள், மாலை நான்கு மணி விருந்து என்று நன்றாகவே எழுதியிருந்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் கொள்ளுப்பாட்டி மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவர். அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

“உன் கொள்ளுப்பாட்டி இதில் எங்கேம்மா?” என்று கேட்டேன்.

“அவங்க கூலி வேலை பார்த்தவங்கதானே தாத்தா. மரபு வெள்ளைக்காரங்களோடதுதானே” என்றாள்.

பிள்ளை மேல் குற்றமில்லை. படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இலைக்கு ஒரு பெயர், குடிப்பதற்கு ஒரு பெயர்

வாளையாறுக்கு அந்தப் பக்கம் கடையில் உட்கார்ந்து ‘ஒரு டீ’ என்கிறோம். இந்தப் பக்கம் வந்தால் ‘ஒரு சாயா’ என்கிறோம். பத்து நிமிஷப் பயணத்தில் பெயர் மாறிவிடுகிறது. இதற்குப் பின்னால் கடல் வணிக வரலாறே இருக்கிறது.

சீனத்தில் இந்தச் செடியைக் குறிக்கும் எழுத்து ஒன்றுதான். அதைக் காண்டன், மக்காவ் பக்கத்தில் ‘சா’ என்று வாசிப்பார்கள். ஃபூஜியன் கரையில் ‘தே’ என்று வாசிப்பார்கள். மக்காவில் தளம் போட்ட போர்த்துகீசியர் ‘சா’ என்ற சொல்லைக் கொண்டுபோனார்கள். தரைவழியே பாரசீகம் போனதும் அதே சொல்தான். அங்கே ‘சாய்’ ஆயிற்று. ஃபூஜியன் வணிகரிடம் வாங்கிய டச்சுக்காரர்கள் ‘தே’ என்பதை ஐரோப்பாவில் பரப்பினார்கள். அதுவே ஆங்கிலத்தின் ‘டீ’. நம் ‘தேயிலை’யில் இருக்கும் ‘தே’யும் அதுதான். மலையாளத்தில் பாருங்கள், இலை ‘தேயில’, குடிப்பது ‘சாயா’. இரண்டு வழியாக வந்த சொல்லும் ஒரே டம்ளரில் கலந்து கிடக்கின்றன!

ஆக, பெயரிலேயே பிரிட்டிஷார் பங்கு ஒன்றும் இல்லை. பழக்கமாவது அவர்களுடையதா? அதைப் பார்ப்போம்.

இங்கிலாந்துக்குத் தேயிலை வந்த கதை

1650களுக்கு முன் இங்கிலாந்தில் தேநீர் என்றால் என்னவென்று சாதாரண ஜனங்களுக்குத் தெரியாது. காலையில் எழுந்ததும் அவர்கள் குடித்தது பார்லியில் காய்ச்சிய பீர். 1658 செப்டம்பரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஒரு காப்பிக் கடைக்காரர் விளம்பரம் கொடுத்தார். சீனர் ‘சா’ என்றும் மற்றவர் ‘தே’ என்றும் சொல்லும் பானம் தம் கடையில் கிடைக்கும் என்று அதில் இருந்தது. 1660 செப்டம்பர் 25ஆம் தேதி சாமுவேல் பெப்பீஸ் என்ற அதிகாரி தம் நாட்குறிப்பில், இதுவரை குடித்திராத சீனத்துப் பானம் ஒரு கோப்பை குடித்ததாக எழுதி வைத்திருக்கிறார். அந்த நாளில் ஒரு பவுண்டு தேயிலை 16 முதல் 50 ஷில்லிங் வரை விற்றது. கூலிக்காரன் கனவிலும் தொட முடியாத விலை.

1662இல் இங்கிலாந்து அரசன் இரண்டாம் சார்லஸ், போர்த்துகீசிய இளவரசி கேத்தரினை மணந்தான். பம்பாய்த் தீவு சீதனமாக வந்த கல்யாணம் அதுதான். போர்த்துகல் அரண்மனையில் தேநீர் ஏற்கெனவே பழக்கம். மருமகள் வந்த வீட்டில் மருமகளின் பழக்கம் நுழைவது இயல்புதானே! அரசி குடித்தாள், சீமாட்டிகள் குடித்தார்கள். அதே போர்த்துகீசியரிடமிருந்து 1663இல் டச்சுக்காரர்கள் நம் கொச்சிக் கோட்டையைப் பிடித்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காலம் மனசில் பதியும்.

அரண்மனையில் நுழைந்தது குடிசைக்கு எப்படி வந்தது? என்னைப் போன்ற வியாபாரிக்கு இங்கேதான் ருசி. காரணம் வரி.

தேயிலை மேல் அரசாங்கம் வரிக்கு மேல் வரி போட்டது. ஒரு கட்டத்தில் அது 119 சதவீதம். நூறு ரூபாய்ச் சரக்குக்கு நூற்றுப் பத்தொன்பது ரூபாய் வரி! என்ன நடக்கும்? கள்ளக் கடத்தல். கடலோரக் கிராமங்களில் ராத்திரி ராத்திரியாகத் தேயிலை இறங்கியது. கலப்படமும் பெருகியது, வேறு செடிகளின் இலையைக் காய வைத்துச் சாயமேற்றி விற்றார்கள். இதற்கிடையில் 1773 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் வரியை எதிர்த்தவர்கள் 342 பெட்டி தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். கடைசியில் 1784இல் பிரதமர் வில்லியம் பிட், வரியை 119இலிருந்து பன்னிரண்டரை சதவீதமாக வெட்டினார். கடத்தல் படுத்துவிட்டது. கடையில் விலை இறங்கியது. ஏழை வீட்டு அடுப்பில் கெண்டி ஏறியது. ஒரு சட்டத்தில் பாதி மரபு உண்டாகிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 1756இல் ஜோனஸ் ஹான்வே என்பவர், தேநீர் உடம்பைக் கெடுக்கும், தொழிலைக் கெடுக்கும், நாட்டை ஏழையாக்கும் என்று எழுதினார். அகராதி தொகுத்த டாக்டர் ஜான்சன், தாம் தீராத தேநீர்ப் பிரியர் என்று பகிரங்கமாகச் சொல்லி அவரை எதிர்த்து எழுதினார். இதே வாக்குவாதம் பின்னாளில் நம் நாட்டிலும் நடந்தது. காந்தியடிகளும் தேயிலை வேண்டாம் என்று சொன்னவரே. பழக்கம் புதிதாக இருக்கும்போதுதான் எதிர்ப்பு இருக்கும். எதிர்ப்பு மறந்துபோன பிறகு அதற்கு ‘மரபு’ என்று பெயர் வந்துவிடுகிறது.

அப்புறம் ஆலைகள் வந்தன. பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்குச் சூடாக, இனிப்பாக, மயக்கம் தராத ஒரு பானம் வேண்டியிருந்தது. 1830களில் மதுவிலக்குக் கழகத்தார் சாராயத்துக்குப் பதில் தேநீர் கொடுத்துக் கூட்டங்கள் நடத்தினார்கள். மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் நடுவே பசி தாங்காத பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா, 1840 வாக்கில் மாலைத் தேநீரைத் தொடங்கி வைத்தார் என்பார்கள். இராவுண்ணாமை காக்கும் எங்கள் வீட்டிலும் பொழுது சாய்வதற்குள் கடைசி டீ முடிந்துவிடும். நேரம் ஏறக்குறைய ஒன்றுதான், காரணம்தான் வேறு.

இப்போது கணக்குப் போடுங்கள். இலை சீனத்தது. முதல் கோப்பைகளும் சீனத்துப் பீங்கான். சர்க்கரை, மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பில் வந்தது. அரண்மனையில் பழக்கியவள் போர்த்துகீசிய மகள். சீனனுக்கு விலை கொடுக்க வெள்ளி போதாமல், வங்காளத்திலும் பீகாரிலும் நம் விவசாயிகளை அபினி பயிரிட வைத்து, அதைச் சீனத்தில் விற்று, அந்தப் பணத்தில் தேயிலை வாங்கினார்கள். அதற்காகவே 1839 முதல் 1842 வரை போரும் நடந்தது. பிரிட்டிஷ்காரன் சேர்த்தது பாலும் வியாபாரமும்தான் என்று தோன்றுகிறது.

இலை மலையேறியது

சீனனை நம்பியே எத்தனை காலம் இருப்பது? 1823இல் ராபர்ட் புரூஸ் என்பவர் அஸ்ஸாமில் சிங்ஃபோ மக்கள் தேயிலை வளர்த்துக் குடிப்பதை அறிந்தார். அஸ்ஸாம் தேயிலையின் முதல் எட்டுப் பெட்டிகள் 1839 ஜனவரியில் லண்டனில் ஏலம் போயின. 1848இல் கம்பெனி அனுப்பிய ராபர்ட் ஃபார்ச்சூன், சீனத்திலிருந்து செடிகளையும் தொழில் தெரிந்த ஆட்களையும் இமயமலைக்குக் கொண்டு வந்தார். 1867இல் இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் காப்பிச் செடிகளைப் பூஞ்சணம் தின்னவே, தீவே தேயிலைக்கு மாறியது. 1888 வாக்கில் பிரிட்டன் வாங்கிய இந்தியத் தேயிலை, சீனத் தேயிலையை மிஞ்சியது. தன் ஆட்சியில் உள்ள மண்ணில் விளைந்தபோதுதான் தேநீரை ‘நம்முடையது’ என்று சொல்ல அவனுக்கு வாய் வந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே இருந்த எல்லைத் தகராறைத் தீர்க்க வந்தவர் ஜான் டேனியல் மன்றோ. வந்த இடத்தில் கண்ணன் தேவன் மலையின் அழகிலும் மண்ணிலும் மயங்கிவிட்டார். 1877 ஜூலையில் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து அந்த மலையை ஆண்டுக்கு 3,000 ரூபாய்க் குத்தகைக்கு எழுதி வாங்கினார். முதலில் காப்பி, சிங்கோனா என்று பலதும் போட்டுப் பார்த்தார்கள். 1880இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் ஏறக்குறைய ஐம்பது ஏக்கரில் தேயிலை வைத்தார். 1895இல் கிளாஸ்கோ நகரத்து ஃபின்லே கம்பெனி உள்ளே வந்தது. 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது.

இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. காட்டை வெட்டி, கன்று நட்டு, கொழுந்து கிள்ளியது யார்? மலையில் முன்பே இருந்த முதுவர்கள் வழிகாட்டினார்கள். ஆனால் தோட்ட வேலைக்கு ஆள் வந்தது கிழக்கே இருந்து. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளில் மழை பொய்த்த ஊர்களுக்குக் கங்காணி போவான். கையில் முன்பணம் கொடுப்பான். அந்தக் கடன் கழிகிற வரை மலையை விட்டு இறங்க முடியாது. கழியாதபடி பற்று ஏறிக்கொண்டே இருக்கும். மலேரியா ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம். ஒரு லயத்து வீட்டில் ஒரே அறை, ஒரே அடுப்பு. பக்கத்து வால்பாறை மலையில் இதே வாழ்வு நடந்ததை, அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார். தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று வந்திருக்கிறது. பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும்.

விளைந்த தேயிலை எப்படி இறங்கியது தெரியுமா? 1902இல் மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடுகளைக் கட்டி இழுத்தார்கள். 1908இல் அது சிறு ரயில் ஆனது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாக ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்குப் பெட்டிகள் இறங்கும். அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். பிறகு ரயில், கப்பல், லண்டன். 1924 ஜூலையில், மலையாளக் கணக்கில் 1099ஆம் ஆண்டில், பெய்த பேய் மழையில் அந்த ரயில் முற்றிலும் அழிந்தது. டாப் ஸ்டேஷன் இன்று தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது.

மூணாறில் நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005இல் தேயிலை அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்த ரயிலின் சக்கரம் ஒன்று அங்கே இருக்கிறது. நான் அதிக நேரம் நின்று பார்த்தது வேறொன்றை. அது ஒரு சூரிய கடிகாரம். 1913இல் நம் நாசரேத் ஊர்த் தொழிற்பள்ளியில் செய்தது. துரைமார் மணி பார்த்ததுகூடத் தமிழன் கை வேலையில்தான்!

கிள்ளியவர்கள் எப்போது குடித்தார்கள்?

1982இல் சரக்கு விஷயமாக முதல் முறை மூணாறு போனேன். எஸ்டேட் ஒன்றில் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடைக்காரர், தம் லயத்துக்கு அழைத்துப் போனார். அங்கே எண்பது வயது தாண்டிய பாட்டி ஒருவர் இருந்தார். வெல்லம் போட்ட கட்டன் சாயா கொடுத்தார். ‘உங்க ஊர்ச் சரக்கு, நல்ல மணம்’ என்றேன் உபசாரமாக. அந்த அம்மா சிரித்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

“நான் சின்னப் பிள்ளையா கொட்டகுடி வழியா அம்மா கையப் பிடிச்சு ஏறுனவ. தொண்ணூத்தொம்பது வெள்ளத்தையும் பார்த்தேன். அந்தக் காலத்துல நாங்க கொழுந்து கிள்ளுனோமே தவிர, இதக் குடிச்சதில்ல சாமி. காலையில நீராகாரம்தான். இந்தத் தண்ணிய எங்களுக்குப் பழக்கி விட்டதே பின்னாலதான்.”

‘பழக்கி விட்டது’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடினேன். பாட்டி சொன்னது சத்தியம். நம் நாட்டில் தேநீர் தானாகப் பரவவில்லை. 1903இல் தோட்ட முதலாளிகள் கேட்டுக்கொண்டபடி அரசாங்கம் தேயிலைத் தீர்வைச் சட்டம் போட்டது. ஏற்றுமதியாகும் தேயிலை மேல் சிறு தீர்வை. அந்தப் பணம் விளம்பரத்துக்கு. 1930 வாக்கில் உலகச் சந்தை படுத்து விலை விழுந்தது. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சு இந்தியத் தீவுகள் மூன்றும் ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. மிஞ்சிய சரக்கை யார் தலையில் கட்டுவது? நம் தலையில்தான்! ரயில் நிலையங்களில் எனாமல் பலகை மாட்டி, தேநீர் போடும் முறையை நாட்டு மொழிகளில் எழுதி வைத்தார்கள். சந்தையிலும் ஆலை வாசலிலும் ஊற்றிக் கொடுத்துப் பழக்கினார்கள். லண்டனில் 1658இல் நடந்ததுதான், முன்னூறு ஆண்டு கழித்து இங்கே நடந்தது.

தமிழ்நாட்டில் காப்பி நடுத்தர வர்க்கத்தின் பெருமையாகவும் தேநீர் உழைப்பாளியின் பானமாகவும் பிரிந்த கதையை ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். வியாபாரியாக நான் ஒன்று சேர்க்கிறேன். சல்லடையில் மேலே நிற்பது இலைத் தேயிலை. அதற்கு வெளிநாட்டு மவுசு. அடியில் விழுவது டஸ்ட். டஸ்டில் சாயம் சீக்கிரம் இறங்கும், கடுப்பு அதிகம், ஒரு கிலோவில் கூடுதல் டம்ளர் கிடைக்கும். அது நம் பாய்லர் கடைக்கு வந்தது. அதில் பாலும் சர்க்கரையும் விட்டு, ஒரு கை உயரத்திலிருந்து ஆற்றி, அடியில் விழுந்த தூளை ஒரு கலையாக்கியது நம் ஜனங்கள். பாலக்காட்டுக் கடைக்காரர்களுக்கு நாற்பது வருஷமாக டஸ்ட் கொடுத்தவன் என்ற முறையில் அடித்துச் சொல்வேன்: இந்த டீயை எந்தத் துரையும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

கடைசி ஏடுகள்

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூலையில், பிரிட்டனில் ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் என்று தேயிலைக்குப் பங்கீடு வந்தது. 1952 வரை நீடித்தது. 1947இல் கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1998 ஜூன் மாதத்தோடு லண்டன் ஏலமே மூடப்பட்டது. மரபு பேசும் ஊரில் ஏலமணி நின்றுவிட்டது. கொச்சியிலும் குன்னூரிலும் நிற்கவில்லை.

மூணாறில் தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்று 1954இல் பெரும் போராட்டம் நடந்தது. 1956 நவம்பர் முதல் அவை கேரளத்தில் இருக்கின்றன. அது பழைய வழக்கு. நாம் இந்த மண்ணில் வாழ்கிறவர்கள். 1964இல் டாடா வந்தது. 2005இல் தொழிலாளரும் பங்கு வைத்த புதிய கம்பெனி வந்தது. 2015 செப்டம்பரில் அந்தக் கம்பெனியின் பெண் தொழிலாளிகள், 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆனதை எதிர்த்து, எந்தத் தலைவரையும் முன்னால் விடாமல் தெருவில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் உலகம் முழுதும் போயிற்று. 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ஆனது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர் போனது. பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழ்க் குடும்பத்தார்.

அந்தப் பெண்ணுக்கு

அம்மா, உன் கட்டுரையில் தப்பு ஏதும் இல்லை. ஒரு பாதிதான் விட்டுப்போயிருக்கிறது. மரபு என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. கல்யாணமும், வரியும், விளம்பரமும், கடனும் சேர்ந்து அதைச் செய்கின்றன. குடித்தவனுக்கு மட்டும் மரபு சொந்தம் என்றால், விதைத்தவனுக்குச் சோறு சொந்தமில்லை என்று ஆகிவிடும். மூணாறு மலையில் தேயிலையின் வயது என்னவோ, ஏறக்குறைய அதுவே உன் குடும்பத்தின் வயதும். இரண்டும் ஒரே வழியில், ஒரே காலத்தில் மலையேறியவை. ‘எப்போது வந்தீர்கள்?’ என்று யாராவது உன்னைக் கேட்டால், ‘உங்கள் கையில் இருக்கும் சாயாவோடு வந்தோம்’ என்று மரியாதையாகச் சொல்.

அடுத்த முறை அந்தக் கட்டுரையை எழுதும்போது, பெட்ஃபோர்டு சீமாட்டிக்குப் பக்கத்தில் உன் கொள்ளுப்பாட்டியின் பெயரையும் எழுது. அவர் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்காவது தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இப்போதே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வை. சங்கத்துக் குடும்பங்கள் எல்லாருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு, எந்த எஸ்டேட்டுக்கு வந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த மலருக்கு அந்தப் பெயர்கள் வேண்டும்.